ஆக்சானுக்கு (நரம்பணுவின் நீள இழை) என்ஜிஎஃப் (நரம்பு வளர்ச்சிக் காரணி) கொடுத்தால் செல் உடலில் எர்க் 1/2 (செல்லுக்குள் செய்தி கடத்தும் நொதிகள்) ஏன் ஏறுகிறது?

நுண்குழி (கேள்வி):
எலிக்கரு டிஆர்ஜி (முதுகுத்தண்டு அருகிலுள்ள உணர்வு நரம்பு முடிச்சு) நரம்பணுக்கள். இரண்டு அறை பிடிஎம்எஸ் (சிலிகான் ரப்பர்) சாதனம், அறைகளை இணைக்கும் கால்வாய் நீளம் 450 மைக்ரான். இரவு முழுக்க என்ஜிஎஃப் இல்லாமல் பட்டினி போட்டு, ஆக்சான் அறையில் மட்டும் 50 நானோகிராம்/மில்லி, 20 நிமிடம். செல் உடல் அறையைக் கரைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதப் பட்டைச் சோதனை) போட்டால் பாஸ்போ (அதாவது எழுப்பப்பட்ட) எர்க் 1/2 பளிச்சென்று வருகிறது, பாஸ்போ எர்க் 5 மங்கல். தலைகீழாக அல்லவா வர வேண்டும்? இரண்டு அறையிலும் 150 மைக்ரோலிட்டர்தான்.

வேர்முனை:
எதிர்பார்ப்பு சரி. ஆக்சான் நுனியில் என்ஜிஎஃபுக்கான ட்ரக்-ஏ ஏற்பி அதோடு சேர்ந்து உள்ளே இழுக்கப்பட்டு, என்டோசோமாக (சிறு சவ்வுப் பையாக) டைனீன் என்ற மோட்டார் புரதத்தில் ஏறிச் செல் உடலுக்கு வருகிறது. அங்கே அது எழுப்புவது முக்கியமாக எர்க் 5. செல் உடலின் சவ்விலுள்ள ட்ரக்-ஏயை நேரடியாகத் தொட்டால் எர்க் 1/2, எர்க் 5 இரண்டும் எழும். ஆகவே முதல் சந்தேகம், என்ஜிஎஃப் செல் உடல் அறைக்குக் கசிவது. இரண்டு அறையிலும் திரவ மட்டம் சமமாக இருந்தால் தடுப்பே கிடையாது. செல் உடல் அறையில் 50 மைக்ரோலிட்டர் கூடுதலாக வையுங்கள், நீரோட்டம் ஆக்சான் பக்கம் போகட்டும். என்ஜிஎஃபை இருப்பதன் மேல் கூடுதலாக ஊற்றாதீர்கள். அதே அளவு ஊடகத்தை எடுத்துவிட்டு மாற்றுங்கள். செல் உடல் அறையில் என்ஜிஎஃபை முடக்கும் ஆன்டிபாடி போட்டும் எர்க் 1/2 குறையவில்லை என்றால் கசிவு காரணமல்ல.

மையிலின்:
கசிவுக்கு முன்னால் ஒரு கன்ட்ரோல்: என்ஜிஎஃப் இல்லாத ஊடகத்தை அதே மாதிரி மாற்றி 20 நிமிடம். அப்போதும் எர்க் 1/2 வந்தால், ஊடக மாற்றமோ சீரமோதான் தூண்டுகிறது. ஷ்வான் செல்கள் (ஆக்சானைச் சுற்றும் துணைச் செல்கள்) மிச்சமிருந்தால் அவற்றின் எர்க்கும் அதே கரைசலில்தான் வரும். பிளாட் இதைப் பிரித்துக் காட்டாது. இம்யூனோ சாயம் போட்டு நரம்பணுவை மட்டும் பாருங்கள்.

எர்க் 5 மங்கலுக்கு வேறு காரணமும் உண்டு. டைனீன் நொடிக்கு சுமார் ஒரு மைக்ரான் என்றால் கால்வாயைக் கடக்கவே ஏழெட்டு நிமிடம். நுனி மறுபுறம் ஒரு மில்லிமீட்டர் வளர்ந்திருந்தால் 20 நிமிடம் போதாது. 20, 40, 60 எடுங்கள். எர்க் 5 நூறு கிலோடால்டனுக்கு மேல், எர்க் 1/2 நாற்பத்து சொச்சம். டிரான்ஸ்ஃபர் (ஜெல்லிலிருந்து சவ்வுத் தாளுக்கு மாற்றும்) நேரம் பின்னதற்குப் பொருந்தினால் முன்னது ஜெல்லிலேயே தங்கிவிடும். 8 சதவீத ஜெல், நீண்ட டிரான்ஸ்ஃபர்.

நுண்குழி:
எர்க் 1/2ஐ மட்டும் நிறுத்திப் பார்க்க யு0126 (எர்க்கை எழுப்பும் எம்இகே நொதிகளின் தடுப்பான்) போதுமா?

வேர்முனை:
வேண்டாம். அது எர்க் 5ஐ எழுப்பும் எம்இகே 5ஐயும் தடுக்கும். இரண்டு பட்டையும் சேர்ந்து போகும். ட்ரக் ஏற்பியைத் தடுக்கும் கே252ஏவைச் செல் உடல் அறையில் போடுவதும் கசிவைக் கண்டுபிடிக்க உதவாது. வந்து சேர்ந்த ட்ரக்-ஏ, கசிந்த என்ஜிஎஃப் தொட்ட ட்ரக்-ஏ இரண்டையும் அது முடக்கிவிடும்.