ஜில்லென்று இருந்த அறையில் ஐந்து பேர் படுத்த கதை

எங்கள் ஆபீஸில் பன்னிரண்டு பேர் உட்காரும் மீட்டிங் ரூம் ஒன்று. ஜன்னல் உண்டு, குளிர்ச்சி போய்விடும் என்று யாரோ எப்போதோ டேப் ஒட்டி அடைத்துவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை மூன்று மணி நேரக் கூட்டம். ஒருவருக்குத் தொண்டைக் கரகரப்பு. "ஒன்றுமில்லை, தூசி" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பேர் காய்ச்சலில் படுத்துவிட்டோம். நான் உட்கார்ந்திருந்ததோ அவருக்கு எதிர்மூலையில். ஆறடி தள்ளி இருந்தால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்தவன்!

அப்புறம்தான் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கினேன். மொட்டை மாடியில் 430 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 430 பங்கு). அதே அறையில் எல்லோரும் இருக்க, கதவைச் சாத்திய நாற்பதாவது நிமிடம் 1,900. நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் அந்த வாயு, வெளிக்காற்றில் 0.04 தான். எண் ஏறினால் அடுத்தவர் விட்ட மூச்சை, அதில் கிருமி இருந்தால் அதையும் சேர்த்து, இழுக்கிறோம் என்று அர்த்தம். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிரவைத்துத் திருப்பி ஊதுகிறது. சொன்னால் பாதிப்பேர் நம்பவில்லை.

டேப்பைப் பிய்த்து ஜன்னலை மட்டும் திறந்தோம், பெரிதாக இறங்கவில்லை. எதிர்ப்பக்கக் கதவையும் திறந்ததும் கால் மணி நேரத்தில் 900.

*

மேலே எழுதியவர் அல்ல, நான் வேறொருவன். காற்றிலுள்ள நுண்துகள்களை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர் மெஷின் வாங்கினேன். கார்பன் டை ஆக்சைடு மீட்டரில் எண் அசையவே இல்லை என்று கடையில் போய்ச் சண்டை போட்டது தனிக்கதை. ஃபில்டர் கிருமி ஏறிவரும் நுண்துளிகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. சத்தம் என்று மெதுவான வேகத்தில் வைத்தால் அந்தப் பலனும் குறைந்துவிடும்.

*

நான் மூன்றாவது ஆள், பாட்டு வகுப்பு எடுப்பவள். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்கேஜிட் பகுதியில் நடந்த பாடகர் குழு ஒத்திகையைப் பற்றிப் படித்ததிலிருந்து பயம். இரண்டரை மணி நேரம், வந்தவர்கள் 61 பேர். உறுதியானதும் சந்தேகமுமாக 53 பேருக்குக் கோவிட். பாடும்போது நுண்துளிகள் பேசுவதைவிட அதிகம் வெளிவரும். இப்போது அரை மணிக்கொரு இடைவேளை, எல்லோரும் வெளியே, எக்சாஸ்ட் ஃபேன் முழு வேகத்தில்.

*

முதலில் எழுதியவன்தான். மறுபடியும் யாரோ ஜன்னலைச் சாத்த ஆரம்பித்துவிட்டார்கள். சரி என்று மீட்டரை மேசை நடுவில் வைத்து, 1,000 தாண்டினால் பீப் அடிக்கும்படி செய்துவிட்டேன். சத்தம் தாங்காமல் மேனேஜரே எழுந்துபோய்த் திறக்கிறார்.