கோலாலம்பூர் – லண்டன்: 7 மணி நேரமா, 12ஆ, 14ஆ? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

சிப்புட்காரன்:
வணக்கம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த அப்பா, லண்டனில் இருக்கும் அக்காவைப் பார்க்க முதல் முறையாக விமானம் ஏறுகிறார். அக்டோபர் 10 இரவு 11.15க்குக் கிளம்பி மறுநாள் காலை 6 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம்தான். தூரம் 10,600 கிலோமீட்டர் என்கிறார்கள்; விமான வேகம் மணிக்கு 900, அதால் வகுத்தால் பன்னிரண்டு மணி நேரம் வருகிறது. ஏஜெண்டோ "பதினாலு மணி நேரம் உட்காரணும்" என்று பயமுறுத்துகிறார். எதை நம்புவது? திரும்பும்போது நவம்பர் 3 காலை 11க்குக் கிளம்பி காலை 8க்குச் சேருமாம். கிளம்புவதற்கு முன்பே வந்துவிடுமா? அப்பாவை ஏற்றி வர 3ஆம் தேதிக்கே எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து வேன் சொல்லியாச்சு.

பழைய லயம்:
தம்பி, ஏஜெண்டு சொன்னதுதான் சரி. கிளம்பும் நேரம் நம்ம கடிகாரம், இறங்கும் நேரம் அவங்க கடிகாரம். அக்டோபர் 10இல் லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால். 6.45ஓடு 7ஐக் கூட்டு, 13.45. நாமே ஒரு காலத்தில் இப்போதைவிட அரை மணி பின்னால்தான் இருந்தோம். 1982 ஜனவரி 1இல் கடிகாரத்தை முன்னால் தள்ளினார்கள். அதற்கப்புறம் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனால் இருட்டில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது.

டீச்சர் அக்கா:
900 என்பது உயரே போய்ச் சேர்ந்த பிறகு உள்ள வேகம். டிக்கெட் நேரமோ இங்கே விமான நிலைய வாசலிலிருந்து நகர்ந்தது முதல் அங்கே வாசலில் நிற்கும் வரை. ஊர்வது, ஏறுவது, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மேலே வட்டமடித்துக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். அப்புறம், 10,600 என்பது உருண்டையின் மேல் அளந்தது. பள்ளி உலக உருண்டையில் தையல் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: வங்காள விரிகுடா, இந்தியா, ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடல், உக்ரைன் என்று நூல் வடக்கே வளைந்து போகும். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து மூடியிருப்பதால் விமானம் அந்த நூல் மேலேயே போக முடியாது, சுற்றித்தான் போகணும்.

பழைய லயம்:
திரும்பும்போது 3ஆம் தேதி 11இலிருந்து மறுநாள் 8 வரை 21. அதில் 7 போனால் 14.

டீச்சர் அக்கா:
ஐயா, 7 இல்லை, 8. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். ஆக 13 மணி நேரம். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று முதுகில் தள்ளுவதால் வரும்போது சீக்கிரம். தம்பி, டிக்கெட்டில் 8.00 பக்கத்தில் சின்னதாக +1, அதாவது மறுநாள் என்ற குறி, இருக்கிறதா?

சிப்புட்காரன்:
இருக்கிறது அக்கா! மடிப்பில் மறைந்திருந்தது, ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்தேன். அப்படியானால் வேன் 4ஆம் தேதிக்கா?

பழைய லயம்:
4ஆம் தேதியேதான். பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும், வேனை 9க்கு வரச் சொல்.

சிப்புட்காரன்:
சொல்லிட்டேன். வேன்காரர், "நல்லவேளை, 3ஆம் தேதி எனக்கு ஒரு கல்யாண சவாரி இருந்துச்சு, உனக்காக வேணாம்னு சொல்ல இருந்தேன்" என்கிறார். அப்பாவுக்கு இப்போது ஒரே கவலை: 14 மணி நேரத்தில் எத்தனை வேளை சாப்பாடு?

டீச்சர் அக்கா:
பெரும்பாலும் இரண்டு. ஏறியதும் ஒன்று, இறங்கும் முன் பசியாற ஒன்று.