ஸ்பானிஷ் படித்தால் புரிகிறது, காதில் கேட்டால் புரியவில்லை: உதவி தேவை

சிப்புட்_தங்கை:
வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம், இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறோம். அக்கா கொலம்பியாக்காரரைக் கட்டிக்கொண்டு மெடெயினில் இருக்கிறாள். ஞாயிறு காலை 9 மணிக்கு, அங்கே சனி இரவு 8, வீடியோவில் வருவாள், கூடவே அவள் மாமியாரும் வருவார். அவரோடு பேசத்தான் இரண்டு வருடமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். பி1 என்கிற நடுத்தர நிலைப் பாடம் முடிந்தது, செய்திக் கட்டுரை படித்தால் புரியும், வாட்சாப்பில் எழுதினால் பதில் எழுதுவேன். ஆனால் அவர் வாயைத் திறந்தால் ஒரே ஓட்டம், சொல் எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. போன வாரம் "எலாக்வா" என்று ஏதோ சொன்னார். அகராதியில் தேடித்தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு சொல்லே இல்லை. ஆறு மாதமாக ஈப்போ வேலைக்குப் போகும் பஸ்ஸில் பாட்காஸ்ட் கேட்கிறேன், ராத்திரி நாடகத் தொடர் பார்க்கிறேன், ஒன்றும் மாறவில்லை. நான் சும்மா தலையாட்டுவது அந்த அம்மாவுக்கும் தெரிகிறது. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கிள்ளான்_அண்ணன்:
தொடருக்கு சப்டைட்டில் எந்த மொழியில் போடுகிறாய்? பாட்காஸ்ட்டுக்கு எழுத்து வடிவம் கையில் இருக்கிறதா?

சிப்புட்_தங்கை:
சப்டைட்டில் ஆங்கிலம் அண்ணே. எழுத்து வடிவம் இல்லை, பஸ்ஸில் சும்மா ஓடவிடுவேன்.

மலாயா_பழைய_மாணவி:
தங்கச்சி, நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் படித்தவள், முதல் வருடம் எனக்கும் இதே பாடுதான். உன் சொல்வளத்தில் குறை இல்லை. "எலாக்வா" என்பது எல் + ஆக்வா, தண்ணீர்! நம்மில் பால் + ஆடை பாலாடை ஆகிறதே, அதே புணர்ச்சி. மி + அமிகோ (என் நண்பன்) "மியமிகோ" என்று காதில் விழும், மணி + அடித்தது மணியடித்தது ஆவதுபோல. எஸ்தா + அகீ (இங்கே இருக்கிறது) "எஸ்தாகீ" ஆகிவிடும், அங்கே இரண்டு ஆ ஒன்றாகிவிட்டது. தமிழில் இதையெல்லாம் யோசிக்காமலே பிரித்துக் கேட்கிறோம், ஸ்பானிஷில் கண்ணுக்குப் பழகிய சொல்லையே காதிலும் தேடுகிறாய். வேகமும் உன் பிரமை இல்லை. 2011ல் வந்த ஓர் ஆய்வில் ஸ்பானிஷ் நொடிக்கு சராசரி 7.82 அசை, ஆங்கிலம் 6.19.

அதனால் ஆங்கில சப்டைட்டிலை இன்றைக்கே நிறுத்து, அது வாசிப்புதான், காதுக்கு வேலையே இல்லை. ரேடியோ அம்புலாந்தே என்ற பாட்காஸ்ட்டுக்கு அவர்கள் தளத்திலேயே எழுத்து வடிவம் கிடைக்கும். அதில் ஒரே ஒரு நிமிடம் எடு. எழுத்தைப் பார்க்காமல் மூன்று நான்கு தடவை கேட்டு, விழுந்ததை நோட்டில் எழுது, தப்பாக இருந்தாலும் எழுது. அப்புறம் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறிய இடத்தில் எது எதோடு ஒட்டியது என்று சிவப்பு மையில் பிரித்துப் போடு. பிறகு அந்த இடம் தெளிவாகக் கேட்கும்வரை திரும்பத் திரும்பக் கேள். இருபது நிமிட வேலை, அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் நீ பஸ்ஸில் ஓடவிட்ட ஆறு மாதத்தைவிட இது அதிகம் தரும். பஸ்ஸுக்கு, ஸ்பானிஷ் கற்பவர்களுக்காகவே மெதுவாகப் பேசும் ட்ரீமிங் ஸ்பானிஷ் மாதிரி எளிதானதைப் போட்டுக்கொள், பாதிக்குமேல் புரியாததைக் கேட்டுப் பயனில்லை.

பினாங்கு_மாலுமி:
மேலே மலாயா அக்கா சொன்னது சரி. ஒன்று விட்டுப்போச்சு. மெடெயின்காரர்களோடு கப்பலில் இருந்திருக்கிறேன், அவர்கள் வீட்டுப் பேச்சில் 'நீ' என்பதற்கு "தூ" குறைவு, "வோஸ்" என்பார்கள். நீ படித்த "தியேனெஸ்" (உன்னிடம் இருக்கிறது) அங்கே "தெனேஸ்", "கியேரெஸ்" (நீ விரும்புகிறாய்) அங்கே "கெரேஸ்", அழுத்தம் கடைசியில் போய் விழும். பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் இதைச் சொல்லித்தரமாட்டார்கள். நல்லவேளை, ஸ் ஒலியை அவர்கள் விழுங்குவதில்லை, கடற்கரைப் பக்கத்துக் கொலம்பியர் என்றால் அதுவும் போய்விடும். அந்த அம்மாவிடமே கேட்டு வாட்சாப்பில் அரை நிமிடக் குரல் செய்தி அனுப்பச் சொல், உனக்கு வேண்டியது அந்தக் குரல்தானே.

சிப்புட்_தங்கை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். குரல் செய்தி கேட்டதும் அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், தினமும் ஒன்று அனுப்புகிறார், சேவல் கூவுவதுகூடக் கேட்கிறது. நோட்டில் 14 பக்கம் ஆகிவிட்டது, முதல் பக்கம் முழுக்கச் சிவப்பு, இப்போது வரிக்கு இரண்டு மூன்று இடம்தான். இன்னும் அவர் அக்காவோடு வேகமாகப் பேசும்போது தொலைந்துபோகிறேன். ஆனால் இந்த ஞாயிறு அப்பா பின்னால் செம்பனைக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த சத்தத்திலேயும் "யா தெசயுனாஸ்தே?" என்று அவர் கேட்டது அப்படியே விழுந்தது. பசியாறியாச்சா என்று கேட்கிறார்! ஆச்சு அம்மா, தோசை என்றேன். தோசை என்றால் என்ன என்று கேட்டார், அதுவும் புரிந்தது.