படுக்கையறைச் சுவரில் ஓதம்: ஓனர் எங்களைச் சொல்கிறார், நாங்கள் குழாயைச் சொல்கிறோம். அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம்?

சாவிக்கொத்து (கேள்வி)

வாடகை வீடு, முதல் மாடி. படுக்கையறைச் சுவர் ஒன்றுக்கு மறுபக்கம் குளியலறை. அந்தச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயிண்ட் உப்பி உரிகிறது. தடவினால் கையில் வெள்ளை மாவு ஒட்டுகிறது. அதே சுவரின் மூலையில், பீரோவுக்குப் பின்னாலிருந்து சீலிங் ஓரம் வரை கறுப்புப் புள்ளிகள்.

ஜன்னலைத் திறக்காமல், துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டதால் வந்த பூஞ்சை என்பது ஓனர் கட்சி. குளியலறைக் குழாய் கசிகிறது என்பது எங்கள் கட்சி. 3 வருட ஒப்பந்தம் முடிய இன்னும் 2 மாதம். சுவரைச் சுரண்டிப் பூசி, வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்கும் செலவை அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன் என்கிறார். இதுவரை எங்களிடம் முகம் சுளித்துப் பேசாத மனிதர். சண்டை போட்டுக்கொண்டு வெளியேற மனமில்லை.

சுவரை உடைக்காமல் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? எங்கள் தப்பாகவே இருந்தாலும் எவ்வளவு பிடிப்பது நியாயம்? இப்போதிருந்தே எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

செங்கல்

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தச் சுவரில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். முதலில் இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

கீழே உப்பியிருப்பது சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம். கையில் ஒட்டும் வெள்ளை மாவு, செங்கலிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பு. தண்ணீர் அதைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு தங்கிவிடுகிறது. அறைக் காற்றின் ஈரம் சுவர்மேல் படிவதால் இப்படி உப்பு பூக்காது. முதல் மாடி என்பதால் நிலத்து ஈரம் ஏறுவதற்கும் வழியில்லை. வெளிச்சுவராக இருந்தால் மழையைச் சந்தேகிக்கலாம். உங்கள் சுவரின் மறுபக்கம் குளியலறைதான்.

மேலே மூலையில் இருக்கும் கறுப்புப் புள்ளி வேறு கதை. பீரோ சுவரோடு ஒட்டி நிற்கும் இடத்தில் காற்று ஓடாது, சுவரும் மற்ற இடத்தைவிடக் குளிர்ந்திருக்கும். அறை வெப்பம் 25 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 60% என்றால் சுமார் 17 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பில்தான் நீர் படியும். ஈரப்பதம் 80% ஆகிவிட்டால் 21 டிகிரியிலேயே படிந்துவிடும். பூஞ்சைக்கு நீர்த்துளிகூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்று நாள்கணக்கில் 80% ஈரத்தோடு நின்றாலே போதும். ஆக, மேல் பாதியைப் பொறுத்தவரை ஓனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத குளியலறை, திறக்க முடியாதபடி துருப்பிடித்த ஜன்னல் என்று ஏதாவது இருந்தால் அதில் அவருக்கும் பங்குண்டு.

கீழ்ப்பகுதிக்குச் சோதனை. உப்பலின் எல்லையை மென்மையான பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இன்னொரு குளியலறை இருந்தால் இந்தக் குளியலறையை 4 நாள் பயன்படுத்தாதீர்கள், ஆனால் அதற்குத் தண்ணீர் வரும் வால்வு திறந்தே இருக்கட்டும். சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயில் எப்போதும் அழுத்தம் இருப்பதால், அது கசிந்தால் இந்த 4 நாளும் ஈரம் குறையாது. ஈரம் குறைந்தால் கழிவுக் குழாயோ, தரை டைல்ஸ் இடுக்கோ, தண்ணீர் வடியும் தரை வாயான ஃப்ளோர் ட்ராப்பைச் சுற்றிய பூச்சோதான் காரணம். அவை தண்ணீர் ஊற்றும்போது மட்டும் கசியும். பெரும்பாலும் ஃப்ளோர் ட்ராப் ஓரம்தான் மாட்டும், ஏனென்றால் பிளாஸ்டிக் குழாயும் சிமெண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதில்லை.

ஈரம் குறையாவிட்டால் தண்ணீர்க் குழாயைச் சந்தேகித்து, பிளம்பரை வைத்து பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். எல்லாக் குழாய் முனைகளையும் மூடி, கைப் பம்பால் அழுத்தம் ஏற்றி, அளவுமானியின் முள் இறங்குகிறதா என்று ஒரு மணி நேரம் பார்ப்பார்கள். முள் நின்றால் குழாயில் குற்றமில்லை. ஃப்ளஷ் டேங்கையும் விட்டுவிடாதீர்கள். தொட்டியில் கொஞ்சம் சாயம் கலந்து அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். பீங்கானில் நிறம் தெரிந்தால் அங்கேயும் ஒழுக்கு.

மேல் பகுதிக்கு அலுமினிய ஃபாயில் போதும். ஓர் அடிச் சதுரத்தை நாலு பக்கமும் டேப் போட்டு இறுக ஒட்டி 2 நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் ஈரம் படிந்தால் காற்றின் ஈரம்; சுவரைப் பார்த்த பக்கம் படிந்தால் உள்ளிருந்து வருகிறது.

மாடிவீடு

வீடு வாடகைக்கு விடுபவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. பெயிண்ட் உரிந்துகொண்டிருக்கும் சுவரில் டேப் ஒட்டாதீர்கள். எடுக்கும்போது பெயிண்டும் புட்டியும் சேர்ந்து வரும், பிறகு அது நீங்கள் செய்த சேதம். ஓனரைக் கூப்பிட்டு, அவர் எதிரிலேயே, அவர் சரி என்று சொன்ன இடத்தில் ஒட்டுங்கள். சோதனை முடிவை அவரும் கண்ணால் பார்த்தால்தான் அதற்கு மதிப்பு. நீங்கள் மட்டும் பார்த்து போட்டோ அனுப்பினால் அதுவும் ஒரு குற்றச்சாட்டாகத்தான் அவர் காதில் விழும்.

ஈரமானி கொண்டுவரும் ஆளைக் கூப்பிடுவதாக இருந்தால் இரண்டு ஊசி குத்தும் வகையை மட்டும் நம்பாதீர்கள். உப்பு மின்சாரத்தைக் கடத்தும், அதனால் உப்பு பூத்த சுவர் காய்ந்திருந்தாலும் அது ஈரம் என்றே காட்டும். பரிசோதகருக்கான கூலியை இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொள்வது நல்லது. ஒருவர் மட்டும் பணம் கொடுத்தால் மற்றவர் முடிவை ஏற்க மாட்டார். "அவர் சொல்வதற்கு இருவரும் கட்டுப்படுகிறோம்" என்று அவர் வருவதற்கு முன்பே மெசேஜில் ஒப்புக்கொள்ளுங்கள், முடிவு தெரிந்த பிறகு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுக்காரர்களுக்கு எரிச்சல் வருவது எதனால் என்றும் சொல்கிறேன். குழாய் கசிந்ததற்கு யாரும் குடியிருப்பவர் மேல் கோபப்படுவதில்லை. 6 மாதம் கசிந்த பிறகு சொல்வதுதான் கசக்கிறது. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் டைல்ஸ் இடுக்கை அடைப்பதோடு முடிந்திருக்கும், இப்போது பூச்சை உடைக்க வேண்டும். நீங்கள் இதை முதலில் எப்போது சொன்னீர்கள் என்று கேள்வியில் எழுதவில்லை. உங்கள் பணம் அந்தத் தேதியில்தான் இருக்கிறது. போனில் சொன்னது மட்டும்தான் என்றால் அழைப்புப் பதிவில் தேதி இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள்.

அதேபோல், சொல்லிவிட்டு வருவது ஓனரின் கடமை. தண்ணீர்க் குழாய் வெடித்தது, புகை வருகிறது போன்ற அவசரம் தவிர, குறைந்தது 24 மணி நேரம் முன்பு எழுத்தில் தெரிவித்து, என்ன வேலைக்கு, யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டே உள்ளே வர வேண்டும். மாற்றுச் சாவி கையில் இருப்பது திடீரென்று நுழைவதற்கான அனுமதி இல்லை. சுவரைப் படம் எடுக்கும்போது குடியிருப்பவரின் பொருள்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வதும் மரியாதை. இந்தச் சின்ன விஷயத்தில் மனம் கசந்த பிறகு, எவ்வளவு நேர்மையான கணக்கைக் கொடுத்தாலும் எதிராளி நம்புவதில்லை.

கணக்குநோட்டு

பிடித்தத்தை எப்படிக் கணக்குப் போடுவது என்று யாரும் சொல்லவில்லை, அதை எடுத்துக்கொள்கிறேன்.

பழைய பெயிண்டுக்குப் புதுப் பெயிண்டின் முழு விலையைக் கேட்க முடியாது. பெயிண்டுக்கு ஒரு ஆயுள் உண்டு. 5 வருடம் என்று இருவரும் ஒப்புக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் குடிவந்தபோது புதிதாக அடித்திருந்தால் 3 வருடம் கழிந்துவிட்டது, மீதி 2. அந்த ஒரு சுவருக்கு மட்டும் ஆகும் செலவு 1000 என்றால், தவறு முழுக்க உங்களுடையதாகவே இருந்தாலும் உங்கள் பங்கு 1000 × 2 ÷ 5, அதாவது 400. நீங்கள் வருவதற்கு முன்பே 2 வருடம் பழைய பெயிண்ட் என்றால் மீதி ஆயுள் பூஜ்யம், பிடிக்க ஒன்றுமே இல்லை. ஆகவே கடைசியாக எப்போது வெள்ளையடித்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

வீடு முழுவதற்கும் பெயிண்ட் செலவை ஒரு சுவரின் பெயரில் கழிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. நிறம் ஒத்துவர வேண்டும் என்பதற்காக அந்த அறையின் மற்றச் சுவர்களைச் சேர்ப்பார்கள். அது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். அடுத்த அறைக்கு அந்தக் காரணமும் இல்லை.

இப்போது செங்கல் பிரித்துக் காட்டியதை இதில் பொருத்துங்கள். கீழ்ப்பகுதிப் பூச்சும் பெயிண்டும் கட்டடத்தின் கோளாறு என்றால் ஓனர் செலவு. சொல்லத் தாமதித்ததால் சேதம் பெருகியிருந்தால், பெருகிய அளவு மட்டும் உங்கள் தலையில். மேல் மூலை உங்கள் பங்கு, அதையும் ஆயுள் கணக்கில் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி வரியில் மதிப்பீடு கேளுங்கள். மொத்தமாக ஒரே தொகை எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு யாராலும் நியாயம் பேச முடியாது.

எழுதி வைப்பது: ஒரே மெசேஜில் எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை சென்டிமீட்டர் உயரம் அகலம், எப்போது கண்ணில் பட்டது, இதுவரை என்ன செய்தீர்கள், என்ன கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள். குற்றம் சாட்டும் வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். போனில் பேசினால், வைத்ததும் "இப்போது பேசியபடி, சனிக்கிழமை காலை பிளம்பர் வருகிறார்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் 3 படம்: அறை முழுக்கத் தெரிய ஒன்று, சுவர் தெரிய ஒன்று, அளவு டேப்பை ஒட்டிப் பிடித்து அருகில் ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த தேதி முதலிய விவரங்கள் அழிந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், மூலப்படத்தைப் போனிலிருந்து நீக்காதீர்கள்.

வீட்டை இருவரும் சேர்ந்து இரண்டு முறை சுற்றிப் பாருங்கள். சாவி கொடுக்க 3 வாரம் இருக்கும்போது ஒரு முறை, நீங்களே சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். சாமான் எல்லாம் போன பிறகு, பகல் வெளிச்சத்தில் ஒரு முறை. மீட்டர் அளவு, சாவிகளின் எண்ணிக்கை, பிடித்தத் தொகை, மீதி அட்வான்ஸ் எந்தத் தேதியில் வரும் என்பது எல்லாம் ஒரே தாளில், இரண்டு கையெழுத்தோடு, ஆளுக்கொரு பிரதி.

சாவிக்கொத்து

அனைவருக்கும் நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. விஷயத்தைப் பிரித்துச் சொன்னதும் ஓனர் இறங்கி வந்து, குளியலறை டைல்ஸ் இடுக்கை இந்த வாரமே அடைத்து, அடுத்த வாரம் சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம், செலவைப் பாதிப் பாதி போடலாம் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? கடைசி 2 மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லி நண்பர்கள் சொல்கிறார்கள், அது சரியா?

செங்கல்

அடைப்பதற்குச் சரி, பெயிண்டுக்கு வேண்டாம். நனைந்த சுவர் ஒவ்வொரு 25 மில்லிமீட்டர் கனத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் காய எடுத்துக்கொள்ளும் என்பது கட்டட வேலையில் வழக்கமான கணக்கு. 100 மில்லிமீட்டர் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு என்றால் நாலைந்து மாதம் போகும். அடுத்த வாரம் அடிக்கும் பெயிண்ட் மீண்டும் உப்பும், அப்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள், அடுத்துக் குடிவருபவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். உப்பிய பூச்சைச் செங்கல் தெரியும் வரை, உப்பலுக்கு மேல் ஓர் அடி சேர்த்துத் தட்டி எடுத்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கி, திறந்தே காயவிடச் சொல்லுங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி உள்ளே போகும்.

மேல் மூலையை நீங்களே இப்போது சுத்தம் செய்யலாம். பூஞ்சையை மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், அதன் தூள் அறை முழுக்கப் பரவும். முகக்கவசம், கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைத் தூக்கி எறியுங்கள். பிளீச்சிங் பயன்படுத்தினால் கழிவறை ஆசிட்டோடு எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். பிறகு பீரோவைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், குளித்த பிறகு எக்ஸாஸ்ட் ஃபேன் 20 நிமிடம் ஓடட்டும், துணியை வெளியே காயப்போடுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் புள்ளி திரும்ப வராது.

கணக்குநோட்டு

வாடகையை நிறுத்தாதீர்கள். இன்றைய தேதியில் தவறு யார் பக்கம் என்று கேட்டால் பெரும்பகுதி கட்டடத்தின் பக்கம். வாடகை நின்ற அன்றே நீங்கள் பாக்கிக்காரர் ஆகிவிடுவீர்கள், சுவர்ப் பேச்சு மறைந்து பாக்கிப் பேச்சுதான் நிற்கும். ஒப்பந்தத்தில் அப்படி இருந்தாலோ, ஓனர் எழுத்தில் சம்மதித்தாலோ மட்டும் கழிக்கலாம். உங்கள் ஊர் வாடகைச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் கேட்டுவிடுவது நல்லது.

பாதிப் பாதிக்கும் அவசரப்பட்டு தலையாட்ட வேண்டாம். நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் கீழ்ப்பகுதிச் செலவு மேல் மூலையைவிடப் பல மடங்கு பெரிது, அதில் பாதி உங்களுடையது அல்ல. மேல் மூலைக்கான பங்கை ஆயுள் கணக்கில் நீங்களே முன்வந்து சொல்லுங்கள். சுவர் காய்வதற்குள் நீங்கள் கிளம்பிவிடுவதால், கணக்குத் தாளில் இப்படி ஒரு வரி சேருங்கள்: "குளியலறைப் பக்கச் சுவரின் கீழ்ப்பகுதிப் பூச்சும் பெயிண்டும் சுவர் காய்ந்த பிறகு உரிமையாளர் செய்துகொள்வார், இதற்காக அட்வான்ஸில் பிடித்தம் இல்லை, மேல் மூலைக்காக இவ்வளவு தொகை பிடிக்கப்பட்டது, இதற்குமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை." தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.