உதவி தேவை: எடைப் பதிவு சர்வரில் கோர் ஃபைல்கள் குவிந்து டிஸ்க் நிறைந்துவிடுகிறது

மண்டபம் தெற்கு:
வணக்கம். மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க நான்தான் பார்க்கிறேன். கரையில் இறால், நண்டு, கணவாய் எடை போட்டதும் டேப்லெட்டில் படகு நம்பரும் எடையும் அடிப்பார்கள், அது எங்கள் டெபியன் 12 சர்வரில் ஓடும் ஒரு சி++ புரோகிராமுக்கு வந்து அங்கிருந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குப் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் மட்டும் வந்துகொண்டிருந்தது, ஒரு தொந்தரவும் இல்லை. தடை முடிந்து விசைப்படகுகள் இறங்கிய பிறகுதான் பிரச்சினை. படகுகள் கரை திரும்பும் காலையில் புரோகிராம் விழுகிறது, தானாக எழுகிறது, மறுபடி விழுகிறது. ஒவ்வொரு முறையும் அது ஓடும் ஃபோல்டரிலேயே கோர் என்று ஆரம்பித்து புரோகிராம் பெயரும் ஒரு எண்ணும் சேர்ந்த ஃபைல் ஒன்று விழுகிறது, ஒவ்வொன்றும் 4 ஜிபிக்கு மேல். கடைசியாக டிஸ்க் நிறைந்து போஸ்ட்கிரெஸும் நின்றுவிட்டது. படகு முதலாளிகளான சம்மாட்டிகள் பில்லுக்குக் காத்து நிற்க, தாளில் எழுதிக் கொடுத்துச் சமாளித்தோம். புரோகிராம் எழுதிக் கொடுத்தவர்களைக் கேட்டால் அந்த ஃபைல்களை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்பதோடு சரி. இதற்கு நிரந்தரமாக என்ன செய்யலாம்?

பாம்பன் காற்று:
அண்ணே, முதலில் அந்த ஃபைல்களை அழித்து டிஸ்கைக் காலி பண்ணுங்கள். அப்புறம் மணிக்கு ஒருமுறை கோர் ஃபைலைத் தேடி அழிக்கிற மாதிரி குறித்த நேரத்துக்கு வேலையை ஓட்டும் கிரானில் ஒரு வரி போடுங்கள். அல்லது கோர் அளவுக்கு வரம்பு வைக்கும் யூலிமிட் -சி 0 கொடுத்தால் கோரே விழாது.

மண்டபம் தெற்கு:
தம்பி, யூலிமிட் கொடுத்துப் பார்த்தேன். அதன் பிறகும் விழுகிறது.

கீழக்கரை:
விழத்தான் செய்யும். நீங்கள் ஷெல்லில் கொடுக்கும் யூலிமிட் அந்த ஷெல்லுக்கும் அதிலிருந்து கிளம்பும் புரோசஸுக்கும் மட்டும்தான். உங்கள் புரோகிராமைக் கிளப்புவது சிஸ்டம்டி, அதன் சர்வீஸ் ஃபைலில் லிமிட்கோர் என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். இன்ஃபினிட்டி என்று போட்டிருப்பார்கள்.

ஆனால் அதைச் சுழியம் ஆக்காதீர்கள் தம்பி, கிரான் வைத்து அழிப்பதும் வேண்டாம். புரோகிராம் ஏன் விழுந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த ஃபைல்தான். விழுந்த நொடியில் அதன் நினைவகம் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்து வைத்தது. அதை அழித்துக்கொண்டே இருந்தால் அடுத்த தடைக்காலம் வரைக்கும் இப்படியே விழுந்து எழுந்துகொண்டுதான் இருக்கும். கோர் விழட்டும், ஆனால் டிஸ்கைத் தின்னாமல் ஓர் அளவுக்குள் விழட்டும். அதற்கு வழி இருக்கிறது.

இப்போதைக்கு ஒரே ஒரு கோரை மட்டும் வேறு டிஸ்குக்கு மாற்றுங்கள். அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் ஃபைலையும் கூடவே நகல் எடுத்து வையுங்கள், ஏனென்றால் நாளைக்குப் புதுப் பதிப்பு போட்டுவிட்டால் பழைய கோரைப் படிக்க முடியாது. மற்றதை அழித்துவிடலாம். பிறகு இரண்டு விஷயம் சொல்லுங்கள்: ப்ராக்/சிஸ்/கெர்னல் ஃபோல்டரில் கோர் எந்தப் பெயரில் எங்கே விழ வேண்டும் என்று சொல்லும் கோர்_பேட்டர்ன் என்ற ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது, சர்வீஸ் ஃபைலில் ரீஸ்டார்ட்செக், அதாவது விழுந்த பிறகு எழுப்பும் முன் காத்திருக்கும் விநாடி, எவ்வளவு?

மண்டபம் தெற்கு:
காக்கா, பேட்டர்னில் கோர் என்று போட்டு புள்ளி %இ புள்ளி %பி. ரீஸ்டார்ட்செக் 30. ரீஸ்டார்ட் ஆல்வேஸ்.

கீழக்கரை:
அதுதான். %இ என்பது புரோகிராம் பெயர், %பி என்பது புரோசஸ் எண். ஒவ்வொரு முறை எழும்போதும் எண் புதிது, ஆகவே ஃபைலும் புதிது. பாதை எதுவும் கொடுக்காததால் ஓடும் ஃபோல்டரிலேயே விழுகிறது, அது போஸ்ட்கிரெஸ் இருக்கும் அதே பார்ட்டிஷன். சிஸ்டம்டி வழக்கமாக 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் எழுப்ப மாட்டாமல் நிறுத்திவிடும். உங்களிடம் 30 விநாடி இடைவெளி இருப்பதால் அந்தக் காவல் ஒருபோதும் வேலை செய்யாது, டிஸ்க் நிறையும் வரை சுற்றும். அந்த 10 விநாடியைக் குறிக்கும் ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்கை 10 நிமிடம் என்று கூட்டுங்கள்.

அடுத்து சிஸ்டம்டி-கோர்டம்ப் பேக்கேஜைப் போடுங்கள், டெபியனில் அது தானாக வராது. போட்டதும் பேட்டர்னைத் தன் பக்கம் பைப்பில் திருப்பிக்கொள்ளும், கோர்கள் சுருக்கப்பட்டு வார்/லிப்/சிஸ்டம்டி/கோர்டம்ப் ஃபோல்டருக்குப் போகும். கோர்டம்ப்.கான்ஃப் ஃபைலில் மேக்ஸ்யூஸ், கீப்ஃப்ரீ என்று இரண்டு உண்டு. ஒன்றும் எழுதாவிட்டால் டிஸ்கில் 10 சதவீதத்துக்கு மேல் எடுக்காது, 15 சதவீதம் காலியாக விட்டுவைக்கும், இடம் போதாவிட்டால் பழையதைக் கழிக்கும். உங்களுக்கு மேக்ஸ்யூஸ் 5 ஜிபி போதும்.

தொண்டி:
கோர் அளவை யூலிமிட்டில் 500 எம்பி என்று வெட்டினால் இதெல்லாம் வேண்டாமே? எங்கள் பழைய சோலாரிஸ் பெட்டியில் கோர்ஆட்ம் வைத்துத் தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டு அளவையும் வெட்டித்தான் வைத்திருக்கிறோம்.

கீழக்கரை:
தனி ஃபோல்டர் நல்ல யோசனை. அளவை வெட்டுவதுதான் ஆபத்து. லினக்ஸ் கெர்னல் நினைவகத்தை முகவரி வரிசையில் எழுதிக்கொண்டு போகும், எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற தடம் இருக்கும் ஸ்டாக் மேல் முகவரியில் இருப்பதால் கிட்டத்தட்டக் கடைசியில்தான் வரும். 500 எம்பியில் வெட்டினால் முதலில் பறிபோவது ஸ்டாக், நமக்கு வேண்டியதே அதுதான்.

குறைக்க வேண்டியது எதை எழுதுவது என்பதை. புரோசஸ் ஒவ்வொன்றுக்கும் ப்ராக்கில் கோர்டம்ப்_ஃபில்டர் என்று ஒன்று உண்டு, வழக்கமான மதிப்பு ஹெக்ஸ் 33. இந்த 4 ஜிபியில் பெரும்பகுதி பகிர்வு நினைவகத்தில் வைத்த கேஷாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் சர்வீஸ் ஃபைலில் கோர்டம்ப்ஃபில்டர் என்ற வரியில் ஹெக்ஸ் 31 கொடுங்கள், அந்தப் பகுதி விடுபட்டுவிடும், ஸ்டாக்கும் ஹீப்பும் வரும்.

இனி கோரைப் படியுங்கள். ஜிடிபி என்ற டிபக்கரில் புரோகிராமையும் கோரையும் சேர்த்துத் திறந்து, த்ரெட் அப்ளை ஆல் பிடி ஃபுல் என்று அடியுங்கள். ஆனால் கோரை யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும் வேண்டாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, சம்மாட்டிகளின் வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதற்குள் வெளிப்படையாகக் கிடக்கும். மேலிருந்து சில வரி மட்டும் இங்கே போடுங்கள், அதிலும் பெயர், நம்பர் இருந்தால் அழித்துவிட்டு.

மண்டபம் தெற்கு:
பார்த்துவிட்டேன் காக்கா. ஃபில்டர் போட்ட பிறகு விழுந்த கோர் சுருக்கிய நிலையில் 40 எம்பிகூட இல்லை! ஜிடிபியில் மேலே அபார்ட், அடுத்து ஃபார்ட்டிஃபை ஃபெயில், அடுத்து ஸ்டாக்_சிஎச்கே_ஃபெயில், அதற்கடுத்து படகுப் பதிவைச் சேர்க்கும் ஃபங்ஷன். அந்த ஃபங்ஷனில் படகு நம்பருக்கு 16 பைட் அரே. உள்ளே இருப்பது ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்- என்று நடுவே கோடெல்லாம் போட்டு, பின்னால் நாலு இலக்கம். சீசன் ஆரம்பித்ததும் எடை போட இரண்டு புதுப் பையன்களைச் சேர்த்தோம், அவர்கள்தான் படகில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கோட்டோடு அடிக்கிறார்கள். ஆனால் கோட்டோடு அடித்த வேறு சில படகுகள் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன, அதுதான் குழப்பம்.

கீழக்கரை:
பதிவான படகெல்லாம் இரண்டு, மூன்று இலக்க நம்பரா என்று பாருங்கள். கோடு இல்லாமல் நாலு இலக்கம் என்றால் 13 எழுத்து, கடைசியில் வரும் முடிவுக் குறியான சுழியத்தோடு 14, தாராளமாக அடங்கும். கோட்டோடு இரண்டு இலக்கம் சரியாக 16. கோட்டோடு மூன்று இலக்கம் என்றால் முடிவுச் சுழியம் ஒரு பைட் வெளியே விழும். ஆனால் அரேக்கு அடுத்து காவலுக்கு இருக்கும் கேனரியின் முதல் பைட்டும் சுழியம்தான், சுழியத்தின் மேல் சுழியம் விழுந்தால் யாருக்கும் தெரியாது. நாலு இலக்கம் வரும்போது உண்மையான எழுத்து ஒன்று அங்கே போய் விழும், கேனரி மாறும், ஃபங்ஷன் முடியும்போது அதைப் பார்த்து புரோகிராம் தன்னையே நிறுத்திக்கொள்ளும். டேப்லெட் பதில் வராத பதிவை மறுபடி அனுப்புவதால் எழுந்ததும் அதே அடி.

மண்டபம் தெற்கு:
அதேதான் காக்கா! பதிவானதில் ஒன்றுகூட நாலு இலக்கம் இல்லை. டேப்லெட்டில் தேங்கிக் கிடந்த பதிவை எடுத்துவிட்டேன், கோடு அடித்தாலும் நீக்கிவிட்டு அனுப்புகிற மாதிரி அங்கேயே மாற்றியாயிற்று. எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஜிடிபி வரிகளை அனுப்பியதும் ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார்கள், அந்த ஃபங்ஷனைத் திருத்திப் புதுப் பதிப்பு தருகிறார்களாம். மிக்க நன்றி.

பாம்பன் காற்று:
ஒரு சந்தேகம் காக்கா, என் சர்வரில் கோர் எதுவும் விழாமலே புரோசஸ் காணாமல் போகிறது. இதே செட்டிங் போட்டால் பிடிபடுமா?

கீழக்கரை:
முதலில் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் அவுட் ஆஃப் மெமரி என்று வருகிறதா பார் தம்பி. நினைவகம் தீர்ந்து கெர்னல் கொல்லும்போது உடனே கொல்லும் சிக்கில் சிக்னலை அனுப்பும், அதற்குக் கோர் விழாது. அப்படியிருந்தால் புரோசஸ் உயிரோடு வீங்கிக்கொண்டிருக்கும்போதே ஓடும் புரோசஸிலிருந்தே கோர் எடுக்கும் ஜிகோர் வைத்து ஒரு கோர் எடு. எடுக்கும் நேரத்தில் புரோசஸ் அப்படியே நிற்கும், அதனால் கூட்டம் இல்லாத வேளையில் செய்.

மண்டபம் தம்பி, புதுப் பதிப்பு வந்ததும் கோட்டோடு நாலு இலக்க நம்பர் ஒன்றைச் சோதனை சர்வரில் அடித்துப் பாருங்கள். அது சரியாகப் போகும் வரை வேறு டிஸ்கில் வைத்த அந்தப் பழைய கோரை அழிக்க வேண்டாம், போனதும் அழித்துவிடுங்கள், கணக்கு எண்கள் உள்ள ஃபைல்.