எனம் ஒப்பீட்டில் யூனிட் டெஸ்ட் தோற்றபோது நீங்கள் கண்ட செய்தி என்ன?

பதிவு 1

சி++ சோதனைக் கருவியான கூகுள் டெஸ்ட்டில் எனம் கிளாஸை (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியலை) ஒப்பிட்டவர்களுக்கு இது பழகிய காட்சிதான். வெளியீட்டுக்கு முந்தைய இரவு, இணைப்பு நிலையைச் சரிபார்க்கும் சோதனை தோற்று, கிடைத்த மதிப்பு பெயருக்குப் பதில் வெறும் பைட்டுகளாக, "4-பைட் ஆப்ஜெக்ட் <02-00 00-00>" என்று திரையில் வந்து நின்றது. ஹெடர் கோப்பைத் திறந்து ஐடில், கனெக்டிங், கனெக்டட் என்று விரல் வைத்து எண்ணினேன். எண்ணிக்கை 0-இல் தொடங்கும் என்பதை அசதியில் மறந்து, 02 என்பதைக் கனெக்டிங் என்று எடுத்துக்கொண்டு, பிழையே இல்லாத பகுதியை இரண்டு மணி நேரம் துருவினேன். மறுநாள் மதிப்பின் பெயரை அச்சிடும் பிரின்ட்டூ ஃபங்ஷன் எழுதிய பிறகும் அதே பைட்டுகள்தான் வந்தன, ஏனெனில் எனம் ஒரு நேம்ஸ்பேஸுக்குள் (பெயர்களைத் தொகுக்கும் எல்லைக்குள்) இருக்க, ஃபங்ஷனை வெளியே எழுதியிருந்தேன். கம்பைலர் எதையும் சொல்லவில்லை. எனம் இருக்கும் நேம்ஸ்பேஸுக்கே அதை மாற்றிய பிறகுதான் பெயர் தெரிந்தது.

பதிவு 2

எங்கள் குழுவில் இதற்காகவே இரு பக்கத்தையும் இன்ட்டாக (முழு எண்ணாக) காஸ்ட் செய்து ஒப்பிட்டோம். பைட்டுகளுக்குப் பதில் 2, 3 என்று வந்ததால் நிம்மதியாக இருந்தது. பிறகு ஒருநாள், ஆர்டர் நிலையைப் பேமென்ட் நிலையோடு ஒப்பிடும் சோதனை ஒன்றைக் கண்டேன். இரண்டும் 2 என்பதால் அது மாதக்கணக்கில் பச்சையாகவே (தேறியதாகவே) ஓடியிருக்கிறது. காஸ்ட் இல்லாவிட்டால் கம்பைலரே தடுத்திருக்கும்.

முதல் பதிவர் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: பெயர்களை அர்ரேயில் அடுக்காமல் மதிப்புக்கு ஒரு கிளையாக ஸ்விட்ச்சில் எழுதுங்கள், அதில் டீஃபால்ட் (எதிலும் சேராததற்கான கிளை) சேர்க்காதீர்கள். நாளை ஒருவர் புதிய மதிப்பைச் சேர்த்துவிட்டுப் பெயரை மறந்தால், எச்சரிக்கைகளை இயக்கியிருக்கும் ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் அதைச் சுட்டிக்காட்டும். அர்ரேயில் நடுவே ஒன்று நுழைந்தால் செய்தி தவறான பெயரைச் சொல்லும், அது பைட்டுகளைவிடக் கேடு. ஸ்விட்ச்சைத் தாண்டி வரும் மதிப்புக்கு "தெரியாதது" என்று அச்சிடாமல் எண்ணையே அச்சிடுங்கள். நினைவகம் சிதைந்து 77 வந்திருந்தால், அந்த 77 ஒன்றுதான் உங்களுக்குத் துப்பு.

பதிவு 3

பெயர் தெரிந்தால் போதும் என்று மேலே இருவரும் கருதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. பைத்தானில் எங்கள் ஒப்பீட்டு ஃபங்ஷன் தானே செய்தியைத் தயாரித்துத் தந்தது: "எதிர்பார்த்தது பெய்ட், கிடைத்தது பெய்ட்". ஓர் எழுத்தும் வேறுபடாத இரண்டு சொற்களை அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்குமோ என்று நீளத்தைக்கூட அளந்தேன். டேட்டாபேஸிலிருந்து வந்தது வெறும் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்), எதிர்பார்த்தது எனம் என்பதும், சாதாரண எனம் தன் மதிப்பான ஸ்ட்ரிங்குக்குச் சமமாகாது என்பதும் பிறகுதான் விளங்கின. செய்தி அழகாக இருக்க வேண்டும் என்று எனத்தின் வேல்யூவை மட்டும் எடுத்து அச்சிட்டவன் நான்தான். இரு பக்கத்தையும் ரெப்ர் (மதிப்பின் வகையும் தெரியக் காட்டும் ஃபங்ஷன்) வழியே அச்சிடுமாறு மாற்றினேன்: ஒரு பக்கம் மேற்கோள் குறிகளுக்குள் 'பெய்ட்', மறுபக்கம் <ஸ்டேட்டஸ்.பெய்ட்: 'பெய்ட்'>.