வீசிங்குக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தாள்: உங்கள் அனுபவம் என்ன?

கோடம்பாக்கம் அம்மா:
பையனுக்கு இழுப்பு வந்தால் எங்கள் வீட்டில் முதலில் பஞ்சாயத்துதான் கூடும். ஆவி பிடிக்கச் சொல்வார் மாமியார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பார் கணவர். கடைசியில் விடியற்காலையில் நெபுலைசருக்காக ஆட்டோ தேடி ஓடுவோம்.

இப்போது பார்க்கிற டாக்டர் ஒரு தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம் போட்டுவிட்டு என்னைக் கேட்டார்: "வீசிங் வருவதற்கு முந்தின நாள் இவன் எப்படி இருப்பான்?" யோசித்துச் சொன்னேன். தாடையைச் சொறிந்துகொண்டே இருப்பான், படுத்ததும் இருமுவான், விளையாட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவான். அதையே மஞ்சள் கட்டத்தில் தமிழில் எழுதினார். பக்கத்தில், மூச்சுத் திணறலை உடனே தணிக்கிற நீல இன்ஹேலர் எத்தனை பஃப், எப்போது தனக்கு போன் செய்ய வேண்டும் என்பதும் இருந்தது. பச்சையில், நன்றாக இருக்கும்போதும் விடாமல் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து, அப்புறம் வாய் கொப்பளிப்பது. இந்தப் போகிக்கு ஊரே புகைந்தபோது, மாமியாரே கண்ணாடி மாட்டிக்கொண்டு மஞ்சள் கட்டத்தைப் படித்துக் காட்டினார்!

நைட் ஷிஃப்ட்:
எனக்கு அறிகுறி எதுவும் பிடிபடாது. மூச்சு கெட்டுப்போனது தெரியாமலே வேலை பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் என் தாளில் எண்கள்தான். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் நின்றபடி மூன்று முறை ஊதி, பெரிய எண்ணைக் குறிக்க வேண்டும். உடம்பு சரியாக இருந்தபோது என் அதிகபட்சம் 420. அதில் 80 சதவீதமான 336க்கு மேல் பச்சை, பாதியான 210க்குக் கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள். கணக்கை டாக்டரே போட்டு எழுதிவிட்டார். மூச்சு முட்டும்போது யார் கால்குலேட்டர் தேடுவது?

பழைய தாளை வைத்திருக்கும் பெரியவர்கள் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நீல இன்ஹேலரை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று 2019இலேயே ஜினா (GINA) என்ற உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதல் மாறிவிட்டது. எனக்கு இப்போது மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் புடெசோனைடும் குழாயை விரிக்கும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலர். தினமும் அதுதான், மஞ்சளுக்குப் போனாலும் அதையே கூடுதலாக. எல்லாருக்கும் இதே மருந்து ஒத்துவராது, பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.டி. வாத்தியார்:
எங்கள் பள்ளியில் ஒரு பெண் ஓடி முடித்ததும் ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேச முடியாமல் நின்றாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. படுக்க வையுங்கள் என்றார் ஒருவர், சோடா வாங்க ஓடினார் இன்னொருவர். அவள் பையில் இன்ஹேலரோடு அந்தத் தாளின் ஜெராக்ஸும் இருந்தது. சிவப்புக் கட்டத்தில்: நிமிர்ந்து உட்கார வேண்டும், 108, வண்டி வரும்வரை நீல இன்ஹேலர், ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) ஒரு நேரத்தில் ஒரே பஃப். 'படுக்க வைக்கக் கூடாது' என்பதற்கு அடிக்கோடு வேறு. அதன்படியே செய்தோம். வண்டியில் வந்தவர் முதலில் கேட்டதே, எத்தனை பஃப், எத்தனை மணிக்கு என்பதுதான். நல்லவேளை, தாளின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன்.

கோடம்பாக்கம் அம்மா:
சார், பள்ளிக்கென்று தனியாக ஒரு ஸ்பேசர் கொடுத்து வைத்தால் வாங்கிக்கொள்வார்களா?

பி.டி. வாத்தியார்:
தாராளமாக. பேர் எழுதி, ஜெராக்ஸோடு கொடுங்கள். ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாமல் கிரவுண்டுக்கு எடுத்துப்போகிற பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.